கைபட்டது

ஒரே ஒரு ஊர். அந்த ஊரில் காசைச் செலவழிக்கவும் மனசு வராமல், கையால் தொடவும் மனசு வராமல், பார்த்துக்கொண்டு மட்டுமே இருந்த மனிதர்கள் கொஞ்சம் பேர் இருந்தார்கள். ரொம்ப காலத்துக்கு முன்னால் என்று சொல்ல ஆசைதான். ஆனால் இது போன வருஷம் நடந்தது.

ஊர் கும்பகோணம். பாத்திரக்கடைகள் இருக்கிற தெருவில் ஒரு மாடி அறை. கீழே குடமும் குத்துவிளக்கும் நாள் முழுக்க ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருக்கும். மேலே தில்லைநாயகி டீச்சர், ஞாயிற்றுக்கிழமை காலையில், பழைய நாணயங்களைப் பார்க்கச் சொல்லிக்கொடுப்பார். கல்லூரி ஒன்றில் வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். வயது நாற்பத்தொன்று. யாரிடமும் கட்டணம் வாங்கியதில்லை. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிற பழக்கமும் அவருக்கு இல்லை.

அவருடைய சீடர்களில் மூத்தவர் பொன்னுரங்கம். ரயில்வேயில் சிக்னல் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். டீச்சரைவிட இருபத்து மூன்று வயது பெரியவர். எட்டு வருஷமாக அவர் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிற மனிதர். வீட்டில் நாலாயிரத்துச் சொச்சம் நாணயம் வைத்திருந்தார். ஒன்றையாவது அவர் விரலை வைத்து அழுத்திப் பிடித்ததில்லை. விளிம்பைப் பிடித்து எடுப்பார், விளிம்பைப் பிடித்தே வைப்பார். பரப்பில் விரல் பட்டால் நாணயம் போச்சு என்பது அந்தக் கூட்டத்தின் சட்டம்.

அன்றைக்கு வந்திருந்தது இரண்டே பேர். பொன்னுரங்கமும், செல்போன் கடை வைத்திருக்கிற ஜமாலுதீனும்.

ஜமால் ஒரு பெட்டியோடு வந்திருந்தார். சிவப்பு வெல்வெட் ஒட்டிய அட்டை. அதில் எட்டுக் குழி, குழிக்கு ஒரு நாணயம், மேலே கண்ணாடி போலப் பளபளக்கிற பிளாஸ்டிக். ஓரத்தில் விற்ற வியாபாரியின் பெயர் தங்க எழுத்தில்.

"டீச்சர், இதை இப்படியே வெச்சுக்கறதா, காசை மட்டும் எடுத்துடறதா? கழட்டினா மதிப்புப் போயிடும்னு வித்தவர் சொல்றாரு."

"நாணயச்சாலையில போட்ட பெட்டியா?"

"இல்ல டீச்சர். வித்தவரே அடிச்சது. பெட்டிக்குன்னு தனியா வேற பணம் வாங்கிட்டாரு."

டீச்சர் பெட்டியை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். பிறகு ஜமாலிடமே நீட்டினார்.

"மோந்து பாருங்க."

ஜமால் முகர்ந்தார். "புது மழைக்கோட்டு வாடை."

"அதே ஜாதிதான் இந்தப் பிளாஸ்டிக்கும். மெத்துன்னு வளையறதுக்காக ஒரு எண்ணெய் சேர்ப்பாங்க. அந்த எண்ணெய் உள்ளயே இருக்காது. கசியும்."

மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு செப்புக்காசை எடுத்து வெள்ளைத் துணிமேல் வைத்தார். குளத்துப் படியில் பாசி படர்ந்த மாதிரி அதன்மேல் பச்சையாக ஏதோ வழவழத்துக் கிடந்தது. எந்த அரசன் காசு, எந்த வருஷம் என்று ஒன்றும் தெரியவில்லை.

"இது எத்தனை வருஷம் டீச்சர்?"

"ஒம்பது."

"உறை கிழிஞ்சுடுச்சா?"

"இல்லை. உறை நல்லா இருந்துச்சு."

ஜமால் கொஞ்ச நேரம் அந்தப் பச்சையையே பார்த்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டார்.

"நம்ம கடையிலயும் இதே கதைதான் டீச்சர். போன் செத்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். மேல ஒட்டின பேப்பரைக் கழட்ட விடமாட்டான். கீறல் விழுந்துடுமாம்."

சொல்லிக்கொண்டே சட்டைப்பையிலிருந்து பிளேடை எடுத்தார். தங்க எழுத்தின்மேலேயே வைத்து இழுத்தார். அவர் கேள்விக்கு அதோடு பதில் கிடைத்துவிட்டது. ஒன்றொன்றாக நாணயங்களை வெளியே எடுத்துத் துணியில் அடுக்க ஆரம்பித்தார்.

பொன்னுரங்கத்தின் கை இதற்குள் இரண்டு தடவை தன் சட்டைப்பைக்குப் போய்வந்திருந்தது.

ஜமால் கண்ணில் அது படாமலா இருக்கும். "டீச்சர், சார் மூணு வாரமா நெஞ்சுப் பையில என்னமோ வெச்சுக்கிட்டுத் தடவித் தடவிப் பாக்குறாரு. லவ் லெட்டரான்னு கேளுங்க."

"சும்மா இருய்யா பாய்."

"இந்த வயசுல வந்தா தப்பில்ல சார். காட்டுங்க, எழுத்துப் பிழை திருத்தித் தரேன்."

பொன்னுரங்கம் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. டீச்சர் கையை மட்டும் நீட்டினார். அந்தக் கை நீண்டபடியே இருந்தது. வேறு வழியில்லாமல் அவர் பையிலிருந்ததை எடுத்து அதில் வைத்தார்.

உள்ளங்கை அகலத்தில் ஒரு சிவப்பு அட்டை. நடுவில் வட்டமாக ஒரு பிளாஸ்டிக் ஜன்னல். ஜன்னலுக்குள் ஒரு செப்புக்காசு. அட்டையை யாரோ ஒரு தடவை வெட்டித் திறந்து, பிறகு நாலு பக்கமும் பின் அடித்து மூடியிருந்தார்கள். பின்கள் துருவேறியிருந்தன. அட்டையின் கீழே நீல மையில், குண்டு குண்டாக, பொன்னுரங்கத்தின் கையெழுத்தில் ஒரு தேதி. தேதிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சொல்: கைபட்டது.

ஜமால் எட்டிப் பார்த்தார். "கம்பெனி கால் அணா. 1835. சார், பழைய காசு விக்கிறவன் கூடையில கை விட்டா நாலு வருமே இது. இதையா மூணு வாரமா சொமக்கறீங்க?"

டீச்சர் அட்டையைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே கொண்டுபோனார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"பெருவிரல்," என்றார்.

"ஆமா டீச்சர்."

"நல்லாப் பதிஞ்சிருக்கு. யாருது?"

பொன்னுரங்கம் துணியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வீட்ல."

ஜமாலின் பிளேடு நின்றது. பொன்னுரங்கத்தின் மனைவி சௌந்தரம் அம்மாள் போய் வருகிற ஆடிக்கு இரண்டு வருஷம் என்று அவருக்குத் தெரியும். சாவுக்கு வந்து, தண்ணீர் கேன் இறக்கிவைத்ததே அவர்தான்.

"செம்புல விரல் பட்டா அன்னிக்கே தெரியாது," என்று டீச்சர் பொதுவாகச் சொன்னார். "ஆறு மாசம் கழிச்சுக் கறுத்து எழும்பும்."

"ஆமா டீச்சர். என் கைக்கு வந்த அன்னிக்கு லென்ஸ் வெச்சுப் பார்த்தேன். ஒண்ணுமே இல்லை. சுத்தமா இருந்துச்சு." அவர் துணியின் சுருக்கத்தை நீவினார். "அப்படியும் திட்டினேன்."

டீச்சர் அட்டையைத் துணிமேல் வைத்தார். பின் அடித்த ஓரத்தைச் சுட்டிக் காட்டினார். அங்கிருந்து ஒரு பச்சைக் கசிவு கிளம்பி நாணயத்தின் மேல் பாதிவரை வந்திருந்தது. விரல் ரேகையின் மேல்வளைவுகள் ஏற்கெனவே அதற்குள் மூழ்கியிருந்தன.

"இதை எப்பப் பார்த்தீங்க?"

"தைப் பொங்கலுக்குப் பீரோவைத் துடைக்கும்போது. அப்ப ஓரத்துல ஒரு கடுகு அளவுதான் இருந்துச்சு. உறையிலேயே வைக்கறதா, எடுத்துடறதா? அதைத்தான் டீச்சர் கேக்கணும்னு மூணு வாரமா வரேன்."

"பாய் கேட்டதும் அதுதானே."

"அவரு எட்டுக் காசுக்குக் கேட்டாரு. எனக்கு இது ஒண்ணுதான்."

ஜமால் மெதுவாக, "வேற ஏதாவது இருக்குமே சார். அம்மா புழங்கின சாமான்..." என்று ஆரம்பித்தார்.

"புடவையெல்லாம் பதினாறாம் நாளே அவ தங்கச்சிங்க எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க, முறை அது. பாத்திரமா? அவ தொட்ட பாத்திரத்தையெல்லாம் அவளே தேய்ச்சுக் கழுவிக் கவிழ்த்துட்டுத்தான்யா படுப்பா. எதுல இருக்கும்?"

ஜமால் பிளேடைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டார்.

டீச்சர், "எப்படிப் பட்டுச்சு கை?" என்று கேட்டார்.

பொன்னுரங்கம் சொல்ல ஆரம்பித்தார். சொல்லும்போது ஜமால் பக்கமோ டீச்சர் பக்கமோ பார்க்கவில்லை.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு நெஞ்சு வலி வந்துச்சே. காலையில பத்து மணி. பக்கத்து வீட்டுக்காரங்க ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டாங்க. இவ சாமி மாடத்துக்கு ஓடியிருக்கா, எனக்காக வைத்தீஸ்வரன் கோயிலுக்கு வேண்டிக்கிட்டுக் காசு முடிஞ்சு வைக்கணும்னு. கையில நோட்டுத்தான் இருந்திருக்கு, சில்லறை இல்ல. வீட்ல நாலாயிரம் காசு. பீரோச் சாவி என் அரைஞாண்ல. நான் ஆம்புலன்ஸ்ல."

கீழே கடையில் யாரோ குடத்தைத் தட்டித் தட்டிச் சத்தம் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அன்னிக்குத்தான் கூரியர்ல இது வந்து மேசைமேல கிடந்துச்சு. பிரிக்கக்கூட இல்லை. அரிவாள்மணையில வெச்சு அட்டையை அறுத்துக் காசை எடுத்து, மஞ்சத் துணியில முடிஞ்சு வெச்சுட்டா. பதினோரு நாள் கழிச்சு நான் வீட்டுக்கு வந்தேன். வந்தவன் முதல்ல அவளையா பார்த்தேன்? கூரியரை எங்கேன்னேன்."

"சரி."

"முடிச்சை அவிழ்த்து, இடுக்கியால எடுத்தேன். அறிவிருக்கா உனக்கு, தொடாதே தொடாதேன்னு முப்பது வருஷமா சொல்றேனேன்னு கத்தினேன். நெஞ்சுல கையை வெச்சுக்கிட்டுக் கத்தினேன் டீச்சர், வலிச்சுது. அவ சொன்னா, உங்களுக்குத்தானே முடிஞ்சேன்னு. அவ்வளவுதான் சொன்னா. காசை அந்த அட்டையிலேயே திரும்ப வெச்சேன், சுத்தி பின் அடிச்சேன், என்ன குறைன்னு எழுதிப் பீரோவுல போட்டுப் பூட்டினேன். ஒரு பத்து ரூபாய்க் காசை நீட்டி, இதைக் கொண்டுபோய்ப் போடுன்னேன். முடிஞ்ச காசைத்தான் போடணும்னா. போகவே இல்லை."

"அப்புறம்?"

"அப்புறம் அவ எதையும் முடிஞ்சு வைக்கல." பொன்னுரங்கம் இப்போது தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு வருஷம் கழிச்சு அவளுக்கே உடம்புக்கு வந்துச்சு. பத்தொம்பது நாள் ஆஸ்பத்திரி. அப்ப சாவி என்கிட்டத்தான் இருந்துச்சு. நாலாயிரம் காசும் இருந்துச்சு. ஒண்ணை எடுத்து முடியணும்னு எனக்குத் தோணல டீச்சர்."

ஜமால் எழுந்தார். வெளியே எடுத்த எட்டு நாணயங்களைக் கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டார். "கடை தொறக்கணும் டீச்சர்," என்றார். கடை ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. பையன் இருந்தான். பொன்னுரங்கத்தின் தோளில் ஒரு தடவை கையை வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். பிய்த்துப் போட்ட வெல்வெட் அட்டை அங்கேயே கிடந்தது.

"அந்த முடிச்சை நான் அவிழ்க்காம இருந்திருந்தா?" என்று பொன்னுரங்கம் கேட்டார்.

டீச்சர் எழுந்துபோய், அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடிக் கிண்ணமும், எண்ணெயைக் கரைக்கிற அசிட்டோன் சீசாவும், ஒரு சின்னக் கத்தரிக்கோலும் கொண்டுவந்தார். அட்டைக்கு வலப்பக்கம் அவற்றை வைத்தார். இடப்பக்கம் வெறுமனே விட்டார். தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எடுத்தா ரேகை நிக்குமா டீச்சர்?"

"தெரியாது."

"விட்டா?"

"தெரியும்."

பொன்னுரங்கம் அட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பச்சைக்குக் கீழே, பாதி நிலா மாதிரி, வரி வரியாக அந்த விரல். மாவு பிசைந்த விரல், சாவி கேட்டுப் பழகாத விரல். சாய்க்கச் சாய்க்க அது தெரிந்தது, மறைந்தது.

"நீங்களே செஞ்சுடுங்க டீச்சர். எனக்குக் கை நடுங்குது."

"நான் பிரிக்கமாட்டேன் சார்."

"நடுங்குதுங்கறேனே."

"நடுங்கட்டும்."

அவர் கத்தரிக்கோலை எடுத்தார். முதல் பின்னில் வைத்தார். எடுத்துவிட்டார். மறுபடி வைத்தார். நாலு பின்னையும் நெம்பி எடுக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. அட்டை வாய் பிளந்ததும் மழைக்கோட்டு வாடை எழுந்தது. கீழ்ப்பக்கத்துப் பிளாஸ்டிக் சட்டென்று வந்துவிட்டது. மேல்பக்கத்தது வரவில்லை. நாணயத்தோடு ஒட்டிக்கொண்டு, பிடித்து இழுத்தால் நீண்டது.

"இழுக்காதீங்க. அப்படியே கிண்ணத்துல விடுங்க."

விட்டார். டீச்சர் சீசாவைச் சாய்த்தார். பிளாஸ்டிக் சுருங்கி மெதுவாக எழும்பியது. அதன் அடியிலிருந்து பச்சை, புகை மாதிரி, கிண்ணத்துக்குள் கலைந்தது. பொன்னுரங்கம் குனிந்து பார்த்தபடியே இருந்தார். வாடை கண்ணைக் கரித்தது. அவர் நகரவில்லை.

"தள்ளி உட்காருங்க சார். நெஞ்சுக்கு ஆகாது."

"இருக்கட்டும்."

அரை மணி நேரம் போயிற்று. டீச்சர் இடுக்கியால் நாணயத்தை எடுத்து வேறொரு சுத்தமான கிண்ணத்தில் அலசினார். பஞ்சு வைத்துத் துடைக்கவில்லை, தானாகக் காயவிட்டார். காய்ந்ததும் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணாடியைப் பொன்னுரங்கம் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அவர் பார்த்தார்.

பச்சை இருந்த இடத்தில் செம்பு பச்சைப் புண் மாதிரி சிவந்து, குழி குழியாகக் கிடந்தது. பச்சை வராத பாதி மங்கிய பழுப்பாக, எல்லாக் கால் அணாவும் இருக்கிற மாதிரி, வெறுமனே இருந்தது. அதில் வரி இல்லை.

தப்பான பக்கம் பார்க்கிறோமோ என்று அவருக்குத் தோன்றியது. இடுக்கியால் திருப்பினார். அந்தப் பக்கம் இரண்டு சிங்கம் நின்றன. மறுபடி திருப்பினார்.

"எங்க டீச்சர்?"

டீச்சர் முதல் கிண்ணத்தைப் பார்த்தார். பொன்னுரங்கம் அதில் கிடந்த பிளாஸ்டிக் துண்டை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். விரல் அதில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். அவர் அப்படித்தான் நினைத்தார். ஒரு கோடு வந்திருந்தால் போதும். துண்டு கசங்கி, வெளிறி, ஈரமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே இருந்த தென்னையும், தந்திக் கம்பமும் அதன் வழியாகத் தெரிந்தன.

"இன்னொரு தடவை பாருங்க டீச்சர். உங்க கண்ணு நல்ல கண்ணு."

டீச்சர் இன்னொரு தடவை பார்த்தார். அந்தத் தடவை முதல் தடவையைவிட அதிக நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியை வைத்துவிட்டார்.

"போன வருஷமே கொண்டுவந்திருந்தா?"

"தெரியாது சார்."

"எடுக்காம விட்டிருந்தா இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கும், இல்ல?"

"ஒரு மழைக்காலம்."

"ஒரு மழைக்காலம்," என்று அவரும் சொன்னார். அதை ஏதோ ஊர்ப் பெயரைச் சொல்கிற மாதிரி சொன்னார்.

கீழே குடம் வாங்க வந்தவர்கள் போய்விட்டார்கள் போல. தெரு கொஞ்சம் அமைதியாக இருந்தது. டீச்சர் சீசாவை மூடினார். கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்தார். 'கைபட்டது' என்று எழுதிய சிவப்பு அட்டை துணிமேலேயே கிடந்தது. அதை அவர் எடுக்கவும் இல்லை, ஓரம் ஒதுக்கவும் இல்லை.

பொன்னுரங்கம் நாணயத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எட்டு வருஷமாகக் கேட்டுப் பழகிய கேள்விதான் அவர் வாயில் வந்தது. வேறு எதைக் கேட்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"இதை இனி எந்த உறையில போடறது டீச்சர்?"

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"கெட்டுப்போறதுக்கு இனி இதுல என்ன சார் இருக்கு?"

பொன்னுரங்கம் நாணயத்தை வெறும் கையிலேயே எடுத்துக்கொண்டு எழுந்தார். படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினார். பாத்திரக்கடை வாசலில் அடுக்கியிருந்த குடங்களைச் சுற்றிக்கொண்டு தெருவில் நடந்து போனார்.